ஆறரை வாங்குவது எப்படி?

இது உஸ்பெக் பேசும் ஒரு தம்பிக்கு எழுதியது. தமிழில் எழுதியிருப்பதால் அவன் படிக்கப்போவதில்லை. நல்ல அறிவுரைக்கு என்றைக்கும் அதுதான் கதி என்பதால் தயங்காமல் தொடங்குகிறேன். தம்பியை அந்த மொழியில் 'உக்கா' என்பார்கள். அண்ணனை 'அக்கா' என்பார்கள். நம்மூர்க்காரர் யாராவது தாஷ்கெண்டில் இறங்கி, மீசை வைத்த டாக்சிக்காரரை ஆளாளுக்கு அக்கா, அக்கா என்று கூப்பிடுவதைக் கேட்டால் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் திகைப்பார். அந்த அக்காவின் இடத்தில் நின்றுதான் சொல்கிறேன். உக்கா, கேள்.

ஐயெல்ட்ஸ் என்ற ஆங்கிலத் தேர்வை எதற்கு எழுத வேண்டும் என்று யாரிடமும் கேட்டுவிடாதே. மழை எதற்குப் பெய்கிறது என்று கேட்பவனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். 2012 டிசம்பரில் உஸ்பெகிஸ்தானின் அன்றைய அதிபர் இஸ்லாம் கரிமோவ் போட்ட ஆணைப்படி, 2013-14 கல்வியாண்டிலிருந்து ஒன்றாம் வகுப்பிலேயே வெளிநாட்டு மொழி வந்துவிட்டது. வெளிநாட்டு மொழி என்றால் பெரும்பாலும் ஆங்கிலம். அன்று ஒன்றாம் வகுப்பில் பல் விழுந்த வாயோடு ஆங்கிலப் பாட்டுப் பாடிய பிள்ளைதான் நீ. இன்று போதுமான மதிப்பெண்ணோடு சான்றிதழ் காட்டினால் பல்கலைக்கழக நுழைவில் ஆங்கிலப் பாடத்துக்கு முழு மதிப்பெண். மேல்நிலைச் சான்றிதழ் வைத்திருக்கும் ஆங்கில ஆசிரியருக்குச் சம்பளத்தோடு கூடுதல் தொகையும் உண்டு. ஆகவே தேர்வு நாளில் பக்கத்து மேசையில் உன் வாத்தியாரே உட்கார்ந்திருக்கலாம். எழுந்து சலாம் சொல். விடை மட்டும் கேட்காதே, அவருக்கும் அதே கேள்வியில்தான் சந்தேகம்.

அடுத்து, ஒரு பயிற்சி மையத்தைத் தேர்ந்தெடு. வாசலில் பெரிய பலகை இருக்கும். அதில் கைகட்டி நிற்கும் ஒரு பையன், அவன் தலைக்கு மேல் அவன் தலையைவிடப் பெரிதாக 8.5. பையனை நன்றாகப் பார்த்துக்கொள், இனி அவனைப் பார்க்கப்போவதில்லை. வகுப்பில் உன்னோடு உட்காரப்போகிறவர்கள் மூன்றாம் முறையாக ஐந்தரை வாங்கியவர்கள். அவர்கள் எல்லாருடைய முகத்தையும் போட அந்தத் தெருவில் பலகை போதாது.

மதிப்பெண் கணக்கை மட்டும் சீக்கிரம் பிடித்துக்கொள். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு. ஒவ்வொன்றுக்கும் ஒன்பது வரை. நான்கின் சராசரி ஆறேகால் வந்தால் ஆறரை ஆக்குவார்கள், ஆறேமுக்கால் வந்தால் ஏழு ஆக்குவார்கள். ஆகவே தொழுகையில் ஏழு வேண்டும் என்று பேராசைப்படாமல் கால் கேள். அல் குவாரிஸ்மியின் மண்ணில் பிறந்தவனுக்கு இதற்கு மேல் கணக்குச் சொல்லத் தேவையில்லை.

இனிதான் பாடம். ஆங்கில எழுத்து உனக்குப் பழகியதுதானே என்று நினைப்பாய். உன் மொழி எழுத்து மாற்றியதைப்போல வேறு யாரும் சட்டைகூட மாற்றியதில்லை. கொள்ளுத்தாத்தா அரபு எழுத்தில் படித்தார். 1920-களின் கடைசியில் லத்தீன் வந்தது. 1940-இல் சிரிலிக் வந்தது. 1993-இல் மறுபடியும் லத்தீன் என்று சட்டம், 1995-இல் அதற்கும் திருத்தம். இன்றைக்கும் ஒரே தெருவில் ஒரு கடைப் பெயர் அப்படியும் அடுத்த கடைப் பெயர் இப்படியும் இருக்கும். எந்த எழுத்து வந்தாலும் நமக்குப் பயமில்லை என்ற தெம்போடு கேட்டல் தேர்வில் காதில் ஹெட்ஃபோனை மாட்டுவாய். ஒரு பிரிட்டிஷ் பெண் தன் தெருப் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்வாள். அவள் 'ஏ' என்பாள், உன் கை ஆங்கிலத்தின் ஐந்தாம் எழுத்தை எழுதும். அவள் 'ஈ' என்பாள், உன் கை ஒன்பதாம் எழுத்தை எழுதும். பள்ளியில் அந்த உருவங்களுக்கு நீ கற்ற பெயர் அதுதான், கை என்ன செய்யும்? ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஓடும். தொலைபேசி எண்ணும் இப்படித்தான். எழுநூற்றுப் பதிமூன்று, நாற்பத்தைந்து என்று கொத்துக் கொத்தாகச் சொல்லி வளர்ந்தவன் நீ. அவள் ஒவ்வொரு இலக்கமாக உதிர்ப்பாள், நடுவில் 'டபுள் ஃபைவ்' என்று ஒரு கல்லைப் போடுவாள். நீ இரண்டு ஐந்தா, ஐம்பத்தைந்தா, ஐந்தின் இருமடங்கா என்று யோசித்து முடிக்கும்போது அவள் தொலைபேசியை வைத்திருப்பாள்.

இந்த இடத்தில் தமிழ் வாசகர்கள் நாற்காலியைக் கொஞ்சம் முன்னே இழுத்துப் போடலாம். இலக்கணம் என்று வந்துவிட்டால் உக்காவின் வீட்டுக் கதையும் நம் வீட்டுக் கதையும் கிட்டத்தட்ட ஒன்று.

உஸ்பெக்கிலும் வினைச்சொல் கடைசியில்தான் வரும். விகுதிகள் ஒன்றன் பின் ஒன்றாகத் தொடுத்துக்கொண்டே போகும். 'கிதோப்லாரிமிஸ்தான்' என்ற ஒரு சொல்லுக்கு 'எங்கள் புத்தகங்களிலிருந்து' என்று பொருள். ஊரில், மேசையில், இரவில் என எல்லாவற்றுக்கும் ஒரே 'தா' விகுதி. ஆங்கிலத்தில் அந்த மூன்றுக்கும் வெவ்வேறாக 'இன்', 'ஆன்', 'அட்' என்று கேட்பார்கள். நாணயத்தைச் சுண்டிப் பார்க்கலாம் என்றால் நாணயத்துக்கு இரண்டு பக்கம்தான். எண் வந்தால் உஸ்பெக்கில் பெயர்ச்சொல் ஒருமையிலேயே நிற்கும். ஐந்து என்று சொன்ன பிறகும் புத்தகத்தைப் பன்மையாக்குவது, கேட்பவனுக்கு எண்ணத் தெரியாது என்று சொல்வதுபோல. நாமும் கடையில் 'அஞ்சு நோட்டு' என்றுதானே கேட்கிறோம்? தேர்வாளர் மட்டும் அந்த ஒற்றை 'எஸ்' இல்லாததற்கு ஊரையே கூட்டுவார்.

நமக்கு இல்லாத ஒரு தொல்லை உக்காவுக்கு உண்டு. அவனுக்கு அவன், அவள், அது எல்லாமே 'உ' என்ற ஒரே எழுத்து. ஆணா பெண்ணா ஆடா என்று மொழி விசாரிப்பதில்லை. ஆகவே பேச்சுத் தேர்வில் பதற்றம் ஏறினால் அம்மாவைப் பற்றி, 'அவன் நன்றாகச் சமைப்பான்' என்கிற கணக்கில் பேசிவிடுவான். இதற்கு என் அறிவுரை: அப்பாவைப் பற்றியே பேசு, தவறினாலும் பாதி இடத்தில் சரியாக இருக்கும்.

'தி' என்றொரு சொல் உண்டு. அது எங்கே வரும், எங்கே வராது என்பதை விளக்கும் புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றைப் படித்தவர்கள் படிக்காதவர்களைவிட அதிகமாகத் தவறு செய்கிறார்கள், எங்கே தவறுகிறோம் என்பதுதான் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். கட்டுரையில் 250 சொல்லுக்குக் குறையக் கூடாது என்பதையும் 'தி' ஒரு சொல்லாகவே எண்ணப்படும் என்பதையும் சேர்த்துப் பார். ஓஷ், அதாவது புலாவ், சமைக்கிறவர் காரட்டை அள்ளிப் போடுவதுபோலப் போடு.

வாசித்தலில் ஒரு கேள்வி வகை உண்டு. ஒரு கூற்றைக் கொடுத்து, சரியா, தவறா, இல்லை கட்டுரையில் அதைப் பற்றிச் சொல்லப்படவே இல்லையா என்று கேட்பார்கள். மூன்றாவதுதான் குழி. இதில் உனக்கு நடப்பது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். ஒருவன் வந்ததைக் கண்ணால் கண்டால் ஒரு வடிவம், பிறர் சொல்லிக் கேட்டாலோ பிறகு ஊகித்தாலோ 'எகான்' சேர்த்த வேறு வடிவம் என்று உன் மொழியில் ஏற்பாடே இருக்கிறது. நாம் 'வந்தான்', 'வந்தானாம்' என்று பிரிக்கிற அதே விஷயம். செய்தி எங்கிருந்து வந்தது என்று வினைச்சொல்லிலேயே முத்திரை குத்தத் தெரிந்தவனிடம், அந்த முத்திரையே இல்லாத மொழிக்காரர்கள் வந்து, எது சொல்லப்பட்டது எது சொல்லப்படவில்லை என்று உனக்குப் பிரிக்கத் தெரியுமா என்று பரீட்சை வைக்கிறார்கள். 60 நிமிடம், 40 கேள்வி. கோபப்பட நேரமில்லை, அடுத்த பத்திக்குப் போ.

எழுதுதலில் கருத்துக் கட்டுரை வரும். ஒப்புக்கொள்கிறாயா, மறுக்கிறாயா, 40 நிமிடத்தில் சொல். இந்தக் கலையில் உங்கள் ஊர் யாருக்கும் சளைத்ததில்லை. கவிஞர் அலிஷேர் நவாயி 1499-இல், சாவதற்கு ஏறக்குறைய ஓர் ஆண்டு முன்பு, துருக்கியும் பார்சியும் வழக்காடினால் எது வெல்லும் என்று ஒரு நூலே எழுதினார். பார்சியில் ஈடே இல்லை என்று சொல்லி நூறு துருக்கி வினைச்சொற்களைப் பட்டியல் போட்டார். ஒரே மூச்சில் சொட்டு விடாமல் குடிப்பதற்கு ஒரு சொல், நாக்கில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவைத்துக் குடிப்பதற்கு இன்னொரு சொல், அழுகைக்கு அழுகை வேறு வேறு சொல். இன்றைய திருத்துநரிடம் போயிருந்தால் சொல்வளத்துக்கு ஒன்பது கிடைத்திருக்கும். நீளத்துக்கும் ஒருபக்கச் சாய்வுக்கும் முகம் சுளித்திருப்பார். அது அவ்வளவு நியாயமில்லை, மறுதரப்புக்கும் நவாயி இடம் கொடுத்தவர்தான். ஃபானி என்ற புனைபெயரில் பார்சியிலேயே ஒரு திவான், அதாவது கவிதைத் தொகுப்பு, பாடி வைத்திருக்கிறார். நீ அவ்வளவு தூரம் போக வேண்டாம். 'மறுபக்கம் பார்த்தால்' என்று ஒரு பத்தி தொடங்கினால் போதும்.

வழியில் ரஷ்யன் வைத்துவிட்டுப் போன கண்ணிகளையும் பார்த்துக்கொள். 'மகசின்' என்றால் உனக்குக் கடை, ஆங்கிலத்தில் பத்திரிகை. வாரம் ஒருமுறை மகசினில் ரொட்டி வாங்குவேன் என்று சொன்னால் தேர்வாளர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். 'ஃபமிலியா' உனக்குக் குடும்பப் பெயர். என் ஃபேமிலி ரஹிமோவ் என்று அறிமுகம் செய்துகொண்டால், மொத்தக் குடும்பத்துக்கும் ஒரே ஆள்தானா என்று பரிதாபப்படுவார்கள்.

உச்சரிப்பு விஷயத்தில் எனக்குப் பெரிய கவலையில்லை. 'த்'துக்கு நாக்கைப் பல்லுக்கு நடுவே நீட்ட வேண்டும். பெரியவர் முன்னால் நாக்கை நீட்டாதே என்று வளர்க்கப்பட்டவன் இதற்குக் கொஞ்சம் கூசுவான், ஆகவே 'திங்க்' என்பது 'சிங்க்' ஆகும். தண்ணீர்க் குவளையை ரஷ்யர் 'ஸ்தகான்' என்பார், உங்கள் கிராமத்துப் பெரியவர் முன்னால் ஓர் இகரம் வைத்து 'இஸ்தகான்' ஆக்குவார். இஸ்கூலுக்குப் போன பரம்பரையில் வந்த எனக்கு அதைத் திருத்த மனசு வரவில்லை.

பேச்சுத் தேர்வுதான் உண்மையான சோதனை. மொத்தமே 11 முதல் 14 நிமிடம். ஊரில் ஒருவரைச் சந்தித்தால் நீ நலமா, வீட்டில் எல்லாரும் நலமா, பிள்ளைகள் எப்படி, வேலை எப்படி என்று கேட்டு முடிக்கவே அதில் பாதி போய்விடும். அதையும் கேட்காமல் பேச்சைத் தொடங்குபவன் மனிதனா? தேர்வாளரிடம் அதெல்லாம் எடுபடாது. நீ கேட்டாலும் அவர் தன் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லமாட்டார். அப்பா அம்மாவைக்கூட 'சிஸ்' என்று மரியாதைப் பன்மையில் அழைத்துப் பழகிய நீ, முன்பின் தெரியாத அவரை வெறும் 'யூ' என்று கூப்பிட வேண்டும். முதல் 'யூ' தொண்டையில் நிற்கும். இருமிவிட்டுச் சொல்.

பிறகு அவர், உனக்குத் தொப்பி பிடிக்குமா என்பது போன்ற ஒன்றைக் கேட்பார். அங்கேதான் நீ மாட்டிக்கொள்வாய். ஏனென்றால் உனக்குத் தொப்பியைப் பற்றி நிறையத் தெரியும். சுஸ்த் ஊர் 'தோப்பி'யின் கறுப்பில் வெள்ளை நூலால் போட்ட வளைந்த உருவம் பாதாமா மிளகாயா என்று உன் தாத்தாவும் பக்கத்து வீட்டுத் தாத்தாவும் வாதாடியதைக் கேட்டிருப்பாய். யார் தலையில் எந்த ஊர்த் தையல் என்று தூரத்திலிருந்தே சொல்வாய். பிடிக்குமா என்று மட்டும் உன்னிடம் யாரும் கேட்டதில்லை. அது தலை இருப்பவன் வைப்பது. இத்தனையும் நெஞ்சில் முட்டிக்கொண்டு நிற்க, வாய், 'ஆம், பிடிக்கும், ஏனெனில் அது வெயிலுக்கு நல்லது' என்று சொல்லும். அவருக்கு அதுவே போதும். குறித்துக்கொள்வார்.

அடுத்து அட்டை ஒன்றைக் கொடுத்து, யோசிக்க ஒரு நிமிடம் தந்து, இரண்டு நிமிடம் வரை பேசச் சொல்வார்கள். நீ பெருமைப்படும் சாதனையைச் சொல் என்று வந்தால் இன்னும் சங்கடம், தற்பெருமை கூடாது என்றுதான் வீட்டில் சொல்லி வளர்த்தார்கள். கூசாமல் பொய் சொல், மொழியைத்தான் எடைபோடுவார்கள், உண்மையை அல்ல. சொல் வராத இடத்தில் 'ஹலிகி' என்று இழுக்காதே. நம் 'வந்து...' போல அது உயிர் காக்கும் சொல்தான், ஆனால் எல்லை தாண்டாது.

முந்தின இரவு உறவினர் எல்லாரும் தொலைபேசியில் வருவார்கள், 'ஓக் யோல்', உன் பாதை வெண்மையாகட்டும் என்று வாழ்த்துவார்கள். கொழுப்பு மிதக்கும் ஓஷ் மட்டும் வேண்டாம், வாசித்தலின் மூன்றாம் பகுதியில் கண்ணைச் செருகும். பச்சைத் தேநீர் போதும். பாஸ்போர்ட்டை எடுத்துக்கொள். கைக்கடிகாரம், கைபேசி எல்லாவற்றையும் வெளியே வைக்கச் சொல்வார்கள்.

முடிவு வந்ததும் பூவியிடம், அதாவது பாட்டியிடம், நீயே போய்ச் சொல். அவருக்குத் தெரிந்த பரீட்சையெல்லாம் ஐந்து மதிப்பெண் பரீட்சை. இரண்டு என்றால் தோல்வி, ஐந்து என்றால் வகுப்பில் அதற்கு மேல் ஆள் இல்லை. எவ்வளவு வாங்கினாய் என்பார். ஆறரை என்பாய். ஐந்துக்கு ஆறரையா என்று கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெண்ணைக் கூப்பிடுவார். அதற்குள் தேநீரைக் கிண்ணத்தில் ஊற்றி, திரும்பக் கூஜாவில் ஊற்றி, மூன்று முறை ஆற்றியிருப்பார்கள். உனக்கு வரும் கிண்ணத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் இருக்கும். அங்கே குறைய ஊற்றுவதுதான் மரியாதை. எதையும் திருத்தாதே, உக்கா. வாங்கிக் குடி.