பாலுக்கு 4.50, ஒயினுக்கு 5: கேள்வி-பதில்

ஒரு சேகரிப்பாளர், கும்பகோணம்
கே: பழைய ஆல்பத்தில் 1991-ஆம் வருட ஆஸ்திரியத் தபால்தலை ஒன்று கிடைத்தது. அலங்காரம் செய்த மாடு. அந்த ஊரில் மாடுகளுக்கும் அழகிப் போட்டியா?

ப: போட்டி எல்லாம் இல்லை, வேலை முடிந்து வீடு திரும்புகிறது. கோடை முழுக்க ஆல்ப்ஸ் மலையில் மேய்ந்த மாடுகளைச் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ பள்ளத்தாக்குக்கு ஓட்டி வருவார்கள். ஆஸ்திரியர்கள் இதை ‘அல்மாப்ட்ரீப்’ என்கிறார்கள். உங்களிடம் இருப்பது டிரோல் மாநிலத்து அல்மாப்ட்ரீப். நாட்டுப்புற வழக்கங்களுக்காக ஆரம்பித்த வரிசையின் முதல் தொகுதியில் வந்தது அது. கூடவே இன்னும் இரண்டு வந்தன: வியன்னா திராட்சைத் தோட்டக்காரர்களின் மகுடம், ஸ்டீரியா மாநிலத்து அறுவடைக் கதிர்ப்பாத்திரம். மாட்டின் விலை 4.50 ஷில்லிங், ஒயின்காரர்களின் மகுடம் 5 ஷில்லிங். பாலைவிட ஒயினுக்கு எங்கேயும் அரை ரூபாய் கூடத்தான்.

பால் பண்ணைக்காரர், ஈரோடு
கே: கீழே இறங்கும் எல்லா மாட்டுக்கும் தலையில் அலங்காரக் கிரீடம் உண்டா?

ப: மணி பலருக்கு உண்டு, மகுடம் சிலருக்குத்தான். மந்தையை நடத்தி வரும் மாட்டுக்குத்தான் பெரிய மரியாதை. ஊசியிலை மரக் கிளை, மலைப்பூ, காகிதப்பூ, நாடா, சிலுவை, சில இடங்களில் சின்னக் கண்ணாடியும் வைத்துக் கட்டுவார்கள். கெட்ட ஆவி அதில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடிவிடும் என்று நம்பிக்கை.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. அந்தக் கோடையில் மாடு எதுவும் பள்ளத்தில் விழுந்தோ இடி தாக்கியோ செத்திருக்கக் கூடாது; மாட்டுக்காரர் வீட்டிலும் சாவு விழுந்திருக்கக் கூடாது. அப்படி ஏதாவது நடந்திருந்தால் மாடுகள் அலங்காரம் இல்லாமல் வரும். சில ஊர்களில் கறுப்பு நாடா கட்டுவார்கள். வீட்டு வாசலில் நிற்கும் கிழவிக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. முதல் மாட்டின் தலையைப் பார்த்தாலே மலையில் மூன்று மாதம் என்ன நடந்தது என்று தெரிந்துவிடும். மாட்டின் தலையில் இருப்பது அந்த வருடத்துக் கணக்கு என்றே நான் சொல்வேன். தபால் துறைகள் அச்சடிப்பதோ லாபக் கணக்கு வந்த வருடத்தை மட்டும்தான். கறுப்பு நாடா கட்டிய மந்தையைத் தபால்தலையில் போட எந்த அமைச்சர் கையெழுத்துப் போடுவார்?

ஜெர்மனியின் பவேரியாவில் கோனிக்ஸே என்று ஓர் ஏரி இருக்கிறது. இரு பக்கமும் செங்குத்துப் பாறை, மாடு நடக்க வழி கிடையாது. தட்டையான படகில் ஏற்றித்தான் கொண்டு வருவார்கள். அங்கே கரை சேர்ந்த பிறகுதான் மகுடம் கட்டுவார்கள். தண்ணீரைத் தாண்டும் வரை கணக்கு முடியவில்லை அல்லவா! கடைசி நாள் வரை ரிசல்ட் சொல்லாத புத்திசாலித்தனம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

எட்டாம் வகுப்பு மாணவி, போடி
கே: மாடுகள் மலையிலேயே இருந்துவிட்டால் என்ன?

ப: செப்டம்பரில் புல் வளர்வது நின்றுவிடும், பின்னாலேயே பனி வந்துவிடும். அப்புறம் மாட்டுக்குத் தின்ன எதுவும் இருக்காது. உன் கேள்வியைத் திருப்பிப் போட்டால் இன்னும் சுவாரசியம்: ஜூனில் எதற்கு மேலே போகின்றன? கீழே இருக்கும் புல்வெளியைக் காப்பாற்றத்தான். மாடுகள் மேலே இருக்கும் நூறு நாளில் பள்ளத்தாக்குப் புல்லை அறுத்து, காய வைத்து, வைக்கோல் போல் அடுக்கிவிடுவார்கள். குளிர்காலம் முழுக்கக் கொட்டிலில் நிற்கும் மாட்டுக்கு அதுதான் சாப்பாடு. மாடு மேயாவிட்டால் மலைக்கும் நல்லதில்லை. புதரும் மரமும் மேய்ச்சல் நிலத்தை மூடிவிடும். நீண்டு மடங்கிய புல்லின் மேல் பனி எளிதில் சறுக்கும்.

இல்லத்தரசி, நாகர்கோவில்
கே: மலையில் கறக்கும் பாலை யார் வாங்குவார்கள்?

ப: வாங்க ஆள் இல்லாததால்தான் சீஸே பிறந்தது என்று சொல்லலாம். அங்கேயே காய்ச்சி, உறைய வைத்து, சக்கரம் சக்கரமாகச் சீஸ் செய்துவிடுவார்கள். சுவிட்சர்லாந்தின் லெத்திவாஸ் சீஸைக் கோடையில் மலைக்குடிலில், விறகு அடுப்பில் மட்டும்தான் செய்ய வேண்டும் என்பது விதி. பெர்ன் மாநிலத்து யுஸ்டிஸ் பள்ளத்தாக்கில் செப்டம்பரில் ஒரு பங்கீடு நடக்கும். அந்தக் கோடையில் செய்த சீஸை எல்லாம் குவியல் குவியலாக அடுக்கி, அவரவர் மாடு கொடுத்த பாலுக்கு ஏற்பப் பங்கு பிரித்து, யாருக்கு எந்தக் குவியல் என்று சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். ‘உனக்கு மட்டும் நல்லது எடுத்துக்கிட்டியா’ என்று அண்ணன் தம்பிக்குள் சண்டை வராது. சீட்டைத்தான் திட்ட வேண்டும்.

இரவுப் பணிக் காவலாளி, சென்னை
கே: இத்தனை பெரிய மணியைக் கட்டினால் மாட்டுக்குக் காது வலிக்காதா?

ப: உங்களுக்கு முன்னால் சூரிச் ஈ.டி.ஹெச். பல்கலைக்கழகத்தில் கேட்டுவிட்டார்கள். ஐந்தரை கிலோ மணியைக் கட்டிப் பார்த்ததில், மாடுகள் தின்பதும் அசைபோடுவதும் குறைந்தது. ஊர்வலத்து ராட்சச மணி அன்று ஒருநாள் சுமைதான். மேய்ச்சல் மணி அப்படியில்லை, இரவிலும் அடிக்கும். 2023-இல் ஆர்வாங்கன் என்ற சுவிஸ் ஊரில் சிலர் தூக்கம் போகிறது, ராத்திரியில் மணியைக் கழற்றுங்கள் என்று புகார் கொடுத்தார்கள். ஊர்க்காரர்கள் ஆயிரத்துக்கு மேல் கையெழுத்து வாங்கி, ஊர்க்கூட்டம் கூட்டி மணியின் பக்கம் நின்றார்கள். மாட்டிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை.

கல்லூரி மாணவர், திருச்சி
கே: அந்த 1991 தபால்தலையை ஒட்டி வியன்னாவிலிருந்து கடிதம் போட முடியுமா?

ப: முடியாது. 2002-இல் யூரோ வந்தது, ஷில்லிங் போனது. ஆல்பம்தான் அதற்குக் கொட்டில்.

அதே மாணவர்
கே: வாசனையாவது வருமா?

ப: சுவிட்சர்லாந்து 2001-இல் சாக்லேட் மணக்கும் தபால்தலை விட்டது. ஆஸ்திரியா 2005-இல் எடல்வைஸ் மலைப்பூவை நூலால் எம்பிராய்டரி செய்தே விட்டது. மாட்டுத் தபால்தலைக்கு வாசனை சேர்க்கும் விபரீத யோசனை நல்லவேளையாக யாருக்கும் வரவில்லை.

ஓவிய ஆசிரியர், சிதம்பரம்
கே: மாட்டு வரிசையைப் படமாக்கும் யோசனை தபால்காரர்களுடையதுதானா?

ப: அவர்கள் ரொம்ப லேட். சுவிட்சர்லாந்தின் கிருயேர் பக்கம் மாடுகள் மலை ஏறும் வரிசையை நீளப் பலகையில் வரைந்து தொழுவக் கதவுக்கு மேலே மாட்டுவது 19-ஆம் நூற்றாண்டு வழக்கம். அப்பன்செல் பக்கமும் இந்த ஓவிய மரபு உண்டு. அங்கே ஊர்வலத்தில் இடம் மாறி நிற்க முடியாது. முன்னால் வெள்ளை ஆடுகளோடு பிள்ளைகள், அடுத்து மஞ்சள் கால்சட்டை போட்ட மேய்ப்பர், பின்னால் பெரிய மணி கட்டிய மூன்று மாடுகள், அதற்குப் பின்தான் மந்தை. நம் தலைவர்கள் மேடையில் நிற்கும் வரிசையை இவர்களிடம் விட்டால் சச்சரவு பாதி குறையும்.

ஓய்வு பெற்ற தாசில்தார், மதுரை
கே: இப்போது எல்லாம் சுற்றுலாக்காரர்களுக்குப் போடும் நாடகம்தானே?

ப: பாதி அப்படித்தான். பீர்க் கூடாரம், சந்தை, பார்க்கிங் கட்டணம் எல்லாம் வந்துவிட்டன. லாரியில் ஏறி வரும் மாடுகளும் உண்டு. இடம்பெயர் மேய்ச்சல் 2019-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது, 2023-இல் சுவிட்சர்லாந்தின் மலை மேய்ச்சல் பருவமும் சேர்ந்தது. ஆனாலும் டிக்கெட் வாங்கியவர் வராவிட்டாலும் மாடு இறங்கித்தான் ஆக வேண்டும். அந்த ஒரு காரணத்துக்காகவே இதை நாடகம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

புதுமணத் தம்பதி, கோவை
கே: தேனிலவுக்குச் சுவிட்சர்லாந்து போகிறோம். எங்கே, எப்போது பார்க்கலாம்?

ப: செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை, ஷார்மே கிராமம். வெள்ளை ஷூ வேண்டாம்.