வாயா, பேனாவா?

கேள்வி: சியோலுக்குப் போய் அரிச்சுவடியிலிருந்து கொரியன் படிக்கப் போகிறேன். யோன்சே பல்கலைக்கழகமா, சோகாங் பல்கலைக்கழகமா? – வாசகி, கோவை

பதில்: முதலில் வேலை செய்ய வேண்டியது உங்கள் வாயா, பேனாவா? வாய் என்றால் சோகாங். அங்கே பேச்சுக்குத்தான் முதல் மரியாதை. இலக்கணமும் எழுத்தும் திடமாக வேண்டும், பிறகு அங்கேயே பட்டம் படிக்க வேண்டும் என்றால் யோன்சே. 1959 முதல் வெளிநாட்டவருக்குச் சொல்லித்தரும் இடம் அது. எங்கே சேர்ந்தாலும் எழுத்தை மட்டும் வீட்டிலேயே முடித்துவிட்டுப் போங்கள். கொரியனில் அடிப்படை எழுத்து 24தான். 247 எழுத்தைப் பார்த்தவருக்கு அது பெரிய மலையா என்ன?

கேள்வி: 'மூன்றே மாதத்தில் சரளமான கொரியன்' என்கிறது ஒரு விளம்பரம். சேரலாமா? – வாசகர், ஓசூர்

பதில்: சியோல் பல்கலைக்கழகங்களில் வாரம் 5 நாள், தினம் 4 மணி நேரம் என 10 வாரம் படித்தால் ஒரு நிலை ஏறலாம். அப்படி 6 நிலைகள் இருக்கின்றன! எனவே, விளம்பரம் செய்தவர்களிடம் 'டோபிக் என்ற கொரிய மொழித் திறன் தேர்வில் எந்த நிலை வரை தயார் செய்வீர்கள், ஒரு வகுப்பில் எத்தனை பேர்?' என்று கேளுங்கள். ஒருநாள் வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதிக்காத பள்ளிக்கு முன்பணம் கட்டாதீர்கள்.