சோற்றுப் பார்சலும் கருடனும்

குடும்பத்தோடு வேனில் ‘ட்ரிப்’ போகிறவர்கள் வேட்டைப் பறவைகளிடம் மாட்டிக்கொள்ளத் தோதான இடங்களில் ஹல்துமுல்லையும் ஒன்று. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக வரும் ஏ4 நெடுஞ்சாலை, இங்கே மலைநாட்டின் தெற்குச் சுவரை ஒட்டிப் பெரகலை வரை வளைந்து வளைந்து ஏறுகிறது. ஒரு பக்கம் மலை. மறுபக்கம் ஒன்றுமே இல்லை. வானம் தெளிந்த நாளில் வெகு கீழே உடவளவை நீர்த்தேக்கம் மின்னும். இந்த வளைவுகளில் எப்படியும் ஒரு பிள்ளை வாந்தியெடுக்கும், வேன் நிற்கும். சந்திப்புகளில் பெரும்பாலானவை இப்படித்தான் நிகழ்கின்றன. பறவை பார்க்கவென்றே நிறுத்திய வேன் மிக அபூர்வம்.

மேலைநாட்டில் இப்படிச் சுற்றுவதற்குக் கட்டிலும் அடுப்பும் கழிப்பறையும் பொருத்திய தனி வண்டிகள் உண்டு. மலையகக் குடும்பத்துக்கு வாய்ப்பது வாடகை ஹைஏஸ். அதில் கட்டில் கிடையாது, மற்றதெல்லாம் ஏறிவிடும். கேஸ் அடுப்பு, சோற்றுப் பானை, பாய், தண்ணீர்க் கேன், பாட்டுப் பெட்டி, இவற்றுக்கு நடுவே அப்பாயி. இருக்கைகளின் எண்ணிக்கைக்கும் ஏறியவர்களின் எண்ணிக்கைக்கும் தொடர்பு தேடக் கூடாது.

காலை ஒன்பது, பத்து மணிக்கு மூடுபனி விலகி மலைச்சரிவில் வெயில் பட்டதும் அங்குள்ள காற்று சூடேறி எழத் தொடங்கும். சமவெளியிலிருந்து வரும் காற்றும் மலையில் மோதி மேல்நோக்கித் திரும்பும். இறக்கையை விரித்து வைத்துக்கொண்டால் போதும், கழுகு ஒரு துளிச் செலவில்லாமல் உயரே போய்விடும். அதே ஏற்றத்தை வேன் முதல் கியரில் இருமிக்கொண்டு ஏறும். சாலை உயரத்திலும் பறவை பள்ளத்திலும் இருப்பதால் பல வேளைகளில் கழுகின் முதுகுதான் கண்ணில் படும்.

“தாத்தா, பருந்து ஏன் கீழ பறக்குது?”

“நம்ம மேல இருக்கோம்டா.”

இதற்குமேல் விளக்கம் சொன்ன தாத்தாமார் குறைவு.

அடுத்து, பறவைக்குப் பெயர் வைக்கும் கட்டம். குடும்பத்தில் பொதுவாக ஒரே விதிதான்: உயரத்தில் வட்டமிட்டால் கருடன், கோழிக்குப் பக்கத்தில் வந்தால் பருந்து. முன்னதற்குக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். பின்னதற்குக் கல் எடுப்பார்கள். இரண்டும் ஒரே பறவையாக இருந்து, இடையில் பத்து நிமிடம்தான் கழிந்திருந்தாலும் விதி மாறாது. உண்மையான கருடன், அதாவது செம்பருந்து, வெள்ளைத் தலையும் வெள்ளை மார்பும் செங்கல் நிற உடலும் கொண்டது. நீர்நிலையும் கரையோரமும்தான் அதற்குப் பிடித்த இடம். ஹல்துமுல்லையில் கும்பிடு வாங்கிக்கொள்வது பெரும்பாலும் பாம்புக் கழுகு. பறக்கும்போது இறக்கையின் அடியில் அகலமான வெள்ளைப் பட்டை தெரியும். நீட்டி நீட்டி விசிலடிக்கும். பாட்டுப் பெட்டியை நிறுத்தினால் கேட்கலாம், நிறுத்த மாட்டார்கள். பாம்பும் ஓணானும் தின்னும் இந்தக் கழுகு சாலையோர மின்கம்பத்தில் மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். கீழே நடக்கும் வாந்தி, சண்டை, செல்பி எதுவும் அதன் முகத்தை மாற்றுவதில்லை.

லயத்துக் கோழிகளுக்கு மெய்யான எதிரி குடுமிப் பருந்து. கோயில் ஐயருக்கு இருப்பது போல நீண்ட குடுமி. பார்வையில் மட்டும் கருணை கிடையாது. அதன் நெருங்கிய உறவான மலைப் பருந்துக்கு விஞ்ஞானப் பெயரில் ‘கெலார்ட்டி’ என்று இருக்கிறது. இலங்கையில் பிறந்த மருத்துவரும் உயிரியல் ஆய்வாளருமான கெலார்ட்டின் நினைவாக, பறவையியலாளர் வின்சென்ட் லெக் 1878இல் சூட்டிய பெயர் அது. மரத்தலைப்புகளை உரசுவது போல மெதுவாகப் பறக்கும் கருங்கழுகின் தொழில் கூடு கொள்ளை. முட்டையையும் குஞ்சையும் மட்டுமல்ல, சில சமயம் கூட்டையே பெயர்த்துக்கொண்டு போகும். பார்சலைப் பிரித்துச் சாப்பிடப் பொறுமையில்லாத ஒரே பறவை இதுதான் போலும். பாறைச் சுவர்களில் கூடு கட்டும் ஷாஹீன் வல்லூறு இரைமீது பாயும்போது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும் இனத்தைச் சேர்ந்தது. ஆகவே யாரும் அதைப் பார்ப்பதில்லை. மாமா ஒருவர் மட்டும் பார்த்ததாகச் சொல்வார்.

சாப்பாட்டுக்கு நிறுத்தும் இடத்தில்தான் உண்மையான கலவரம். 263 மீட்டர் உயரமுள்ள பம்பரகந்த நீர்வீழ்ச்சிக்குத் திரும்பும் களுபஹானைப் பக்கமோ, வேறு ஏதாவது திருப்பமோ, பாய் விரித்துப் பார்சல் பிரித்ததும் மேலே ஒரு நிழல் வட்டமிடும். அப்பாயி முந்தானையால் கோழிப் பொரியலை மூடுவார். ஜப்பானின் எனோஷிமா தீவில் இந்தப் பயத்துக்கு நியாயம் உண்டு. அங்கே கரும்பருந்துகள் பயணிகளின் கையிலிருந்தே பண்டத்தைப் பறிக்கும். எச்சரிக்கைப் பலகையும் வைத்திருக்கிறார்கள். அந்தக் கரும்பருந்து இலங்கையில் யாழ்ப்பாணம், மன்னார்க் கரைகளோடு நின்றுவிடுகிறது. செங்கல்பட்டுப் பக்கத்துத் திருக்கழுக்குன்றத்தில் பூசாரி கையால் பொங்கல் வாங்கித் தின்ற மஞ்சள்முகப் பாறுகளும் 1990களின் பிற்பகுதியோடு வரவை நிறுத்திக்கொண்டன. ஹல்துமுல்லைக் கழுகுக்குச் சோற்றிலும் பருப்பிலும் நாட்டமே இல்லை. அது புல்லுக்குள் பாம்பு தேடுகிறது. எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது பார்சலைத் தூக்குவது பின்பக்கமாக வந்த குரங்கு. மிச்சத்தைக் காகம் எடுத்துக்கொள்ளும். ஊருக்குத் திரும்பியதும் கதை சொல்லப்படும்போது பழி கழுகின் மேல்தான் விழும், ஏனென்றால் குரங்கிடம் சோற்றைப் பறிகொடுத்ததாகச் சொல்ல எந்த மாமாவுக்கும் மனம் வராது.

படம் எடுப்பதும் உண்டு. கைப்பேசியில் நீலம் முழுக்க வானமும் ஓரத்தில் ஒரு புள்ளியும் பதியும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் கனடாவிலிருக்கும் சித்தப்பா, அது காகம் என்று தீர்ப்புச் சொல்வார்.

வேனிலேயே இரவு தங்குகிறவர்களுக்கு இன்னொரு வேட்டைப் பறவை பாக்கியிருக்கிறது. கழுத்தை நெரிக்கும்போது பெண் அலறுவது போன்ற ஒரு கூவல் காட்டிலிருந்து வரும். சிங்களத்தில் ‘உலமா’, பேய்ப்பறவை. அது எந்தப் பறவை என்ற சர்ச்சையில் குடுமிப் பருந்தின் பெயரும் அடிபட்டிருக்கிறது. பெரிய காட்டு ஆந்தை என்பதே இன்று பலரும் ஏற்கும் முடிவு. முதல் கூவலில் பாட்டுப் பெட்டி நிற்கும். இரண்டாவதில் அப்பாயி திருநீறு தேடுவார். மூன்றாவது கூவலுக்கு முன்பே டிரைவர் அண்ணன் வண்டியை ஸ்டார்ட் பண்ணி, பதுளைக்குப் போவதென்றால் இரவு ஓட்டத்துக்குத் தனிக் காசு என்பார். அதுவரை வாடகையில் நூறு ரூபாய்க்குப் பேரம் பேசிய குடும்பம், அப்போது பேசாமல் ஏறிக்கொள்ளும்.