பாலத்துக்கு எந்தப் பக்கம்? எல்லைமனையியல் குறித்த முதற்கட்ட ஆய்வேடு

ஐந்திணைக்கும் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று பிரித்துப் பிரித்து எழுதிவைத்த நம் முன்னோர், மாவட்ட எல்லையில் வாடகைக்கு வீடு தேடுகிறவனுக்கு ஒரு திணை ஒதுக்காமல் போனது பெருங்குறை. உரிப்பொருள் சிக்கலாக இருந்திருக்கலாம். அட்வான்ஸ் கொடுக்கும்வரை இருத்தல், கொடுத்தபின் இரங்கல் என ஒரே நிலத்தில் இரண்டும் நிகழ்கின்றன. அந்த இடைவெளியை இட்டு நிரப்பவே இந்த ஆய்வு. நெறியாளர்: என் மனைவி. தரவு: பதினொரு வீடுகள், மூன்று புரோக்கர்கள், ஒரு டீக்கடை.

ஆய்வுக்களம் பள்ளிபாளையம். காவிரியின் கிழக்குக் கரை, நாமக்கல் மாவட்டம். பாலம் தாண்டினால் கருங்கல்பாளையம், ஈரோடு மாநகராட்சி. பாலத்தின் நடுவில் நின்று தும்மினால் ஒரே தும்மல் இரண்டு கலெக்டர்களின் அதிகார எல்லைக்குள் விழும். இங்கிருந்து ஈரோடு ஜங்ஷன் ஆட்டோ தூரம். சொந்த மாவட்டத் தலைநகரமான நாமக்கல்லுக்கோ திருச்செங்கோடு வழியாக ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் போகவேண்டும். ஆஞ்சநேயரைச் சேவிக்கவும் கலெக்டரிடம் மனுக் கொடுக்கவும் மட்டுமே அந்தப் பக்கம் போகிறவர்கள் உண்டு. இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடுவார்கள்.

முதல் புரோக்கரிடம் நேரடியாகவே கேட்டேன்.

"ஏனுங்க, இந்த வீடு ஈரோட்டுல சேர்த்திங்களா, நாமக்கல்லுங்களா?"

"அது கேக்கறவங்களப் பொறுத்ததுங்க. வாடகை பேசறப்ப ஈரோடு. தாசில்தார்கிட்டப் போறப்ப நாமக்கல்."

வாயில் வெற்றிலையோடு சொல்லப்பட்ட இந்த மூன்று வாக்கியத்துக்கு மேல் இத்துறையில் யாரும் பெரிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. இருந்தாலும் ஆய்வேடு என்று ஆரம்பித்துவிட்டபின் பக்கங்களை நிரப்பித்தானே ஆகவேண்டும்.

வரலாற்றுப் பின்புலம். ஆறுதான் எல்லை என்பது பழைய ஏற்பாடு. இக்கரை சேலம் ஜில்லா, அக்கரை கோயம்புத்தூர் ஜில்லா. 1979-இல் அக்கரை பிரிந்து பெரியார் மாவட்டமாகி, பிறகு ஈரோடு மாவட்டமானது. 1997 ஜனவரி 1 அன்று இக்கரை சேலத்திலிருந்து கழன்று நாமக்கல் மாவட்டத்தில் சேர்ந்தது. கயிற்றுக் கட்டிலை விட்டு இறங்காமலே மாவட்டம் மாறிய பெரியவர்கள் இங்கே ஏராளம்.

சரி, மாவட்டம் நாமக்கல் என்று வைத்துக்கொண்டு வீடு பார்க்கலாம் என்றால், ஒவ்வோர் இலாகாவும் தனக்கென்று ஒரு கோடு வைத்திருக்கிறது. தபால்காரருக்கு இது ஈரோட்டு வரிசையில் வரும் 638. வண்டிக்கு நம்பர் வாங்கப்போனால் திருச்செங்கோட்டின் டிஎன் 34. பாலத்துக்கு அப்பால் டிஎன் 33. ஓட்டுப் போடுவதோ குமாரபாளையம் சட்டமன்றத் தொகுதியில், அது ஈரோடு மக்களவைத் தொகுதிக்குள் அடக்கம். ஆகவே எம்.பி. அக்கரை, கலெக்டர் இக்கரை. இங்குள்ள சேஷசாயி காகித ஆலையின் முகவரியைப் படித்தால் பள்ளிபாளையம், நாமக்கல் மாவட்டம், ஈரோடு 638007 என்று மூன்று ஊரும் ஒரே வரிசையில் சமாதானமாக நிற்கும். ரயில்வேக்காரர்கள் மட்டும் விவரமானவர்கள். இக்கரை ஸ்டேஷனுக்கு 'காவிரி' என்று ஆற்றின் பெயரையே வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள்.

இதில் நெறியாளரே வியந்த கண்டுபிடிப்பு ஒன்று. நாமக்கல் மாவட்டத்துக் கலைக் கல்லூரிகள் சேலத்திலிருக்கும் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. ஈரோட்டுக் கல்லூரிகள் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ். பெரியார் பிறந்து, நகராட்சித் தலைவராக இருந்ததெல்லாம் அக்கரை ஈரோட்டில். அவர் பெயர் போட்ட பட்டமோ இக்கரைப் பிள்ளைகளுக்கு. பாரதியின் கணக்கு மட்டும் நேராக இருக்கிறது. 1921-இல் அவர் வந்து பேசிய வாசகசாலை அக்கரைக் கருங்கல்பாளையத்தில்தான். பெரியாரைப் பாலம் தாண்டவைத்தது யார் என்பது தனி ஆய்வுக்குரியது.

பள்ளிபாளையம் மட்டும்தான் இப்படி என்று சொந்தப் பெருமை பேசக்கூடாது. சங்ககிரி இருப்பது சேலம் மாவட்டம், மக்களவைத் தொகுதி நாமக்கல். ஒப்பீட்டுக்கு இது போதும்.

அயல்நாட்டு மேற்கோள் இல்லாத ஆய்வேட்டை எந்தப் பல்கலைக்கழகமும் ஏற்காது என்பதால் ஒன்று. பெல்ஜியமும் நெதர்லாந்தும் துண்டு துண்டாகப் பின்னிக் கிடக்கும் பார்லே என்ற ஊரில் எல்லைக்கோடு சில வீடுகளுக்குள்ளேயே ஓடுகிறது. வாசற்கதவு எந்த நாட்டில் இருக்கிறதோ, வீடு அந்த நாட்டுக் கணக்கு. சட்டம் பார்த்து வாசலை இடம் மாற்றிக்கொண்டவர்களும் உண்டாம். நம்மிடம் அது நடக்காது. வாஸ்துக்காரர் கிழக்கே வாசல் வை என்று சொல்லிவிட்டால், எந்த சர்க்காராக இருந்தாலும் கிழக்கே வந்துதான் வரி வாங்கவேண்டும்.

எல்லை உண்மையிலேயே உறைக்கும் இடம் மழை. எதிர்வீட்டில் அண்ணன் படிப்பது அக்கரைப் பள்ளியில், தங்கச்சி இக்கரையில். விடிய விடிய ஒரே மேகம் இரண்டு கரையிலும் கொட்டிய ஒரு நாள், காலையில் ஒரு மாவட்டத்துக்கு மட்டும் லீவு வந்தது. தங்கச்சி போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரும்பிப் படுத்தாள். அண்ணன் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு, ஷூவைக் கையில் பிடித்தபடி திண்ணையில் நின்று, "அம்மா, நம்ம கலெக்டர் யாரும்மா?" என்றான். ஆட்சி எல்லை பற்றி நான் கேட்டவற்றில் ஆகக் கூர்மையான கேள்வி அதுதான். 2020-இல் மாவட்டம் தாண்ட இ-பாஸ் கேட்டபோது பெரியவர்களும் இதையேதான் கேட்டார்கள், கொஞ்சம் கெட்ட வார்த்தை கலந்து.

வீடு தேர்வுக்கு வருவோம். எந்த விண்ணப்பத்திலும் இல்லாத இரண்டு அளவுகோல்கள் உண்டு. ஒன்று தறி. பக்கத்துச் சுவரில் விசைத்தறி ஓடினால் முதல் வாரம் தலைக்குள் தறி ஓடும். மூன்றாம் வாரம் நிலைமை தலைகீழ். ராத்திரி கரண்ட் போய்த் தறி நின்றால்தான் தெருவே திடுக்கிட்டு விழிக்கும். இன்னொன்று மேட்டூர். டெல்டாக்காரர்களுக்கு அணையில் 120 அடி என்றால் பூரிப்பு. ஆற்றோரத் தெருக்காரர்களுக்கு அது சாமானைக் கட்டு என்று பொருள். 2018 ஆகஸ்டில் உபரிநீரைத் திறந்துவிட்டபோது கரையோர வீடுகளுக்குள் காவிரி நேரில் வந்துவிட்டுப் போனது. நான் பார்த்த ஏழாவது வீட்டில் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள், இடுப்பு உயரத்துக்கு மட்டும். "புதுசா அடிச்சதுங்க" என்றார் வீட்டுக்கார அம்மா. அதற்கு மேல் ஏன் அடிக்கவில்லை என்று நெறியாளர் கேட்டார். "அது வரைக்குந்தானுங்க தண்ணி வந்துச்சு." ஆய்வில் இவ்வளவு நேர்மையான தரவாளர் இன்னொருவர் கிடைக்கவில்லை. நாங்கள் மாடி வீடாகப் பார்த்து முடித்தோம்.

குடியேறி ஆறு மாதத்தில் ஒரு விதி புலப்பட்டது. 'ஊர்ப்பெயர் விலகல் விதி' என்று பெயர் வைத்திருக்கிறேன். கேட்பவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறாரோ, அவ்வளவு தூரம் நம் ஊரும் நகர்ந்துவிடும். ஈரோடு பஸ் ஸ்டாண்டில் யாராவது கேட்டால் பள்ளிபாளையம். சென்னையில் கேட்டால் ஈரோடு. டெல்லியில் கோயம்புத்தூர் பக்கம். துபாயில் இருக்கும் மைத்துனர் யோசிக்காமல் சென்னை என்கிறார். இத்தனை ஊரிலும் நாமக்கல் மட்டும் வரவே இல்லை, கவனித்தீர்களா? அந்தப் பெயரை நாங்கள் மனுக்களுக்காகப் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

இந்த ஆய்வேட்டை அச்செடுக்கப் பேப்பர் கட்டு ஒன்று ஆன்லைனில் வாங்கினேன். காகித ஆலை இருக்கும் ஊரில் பேப்பரைக் கூரியரில் வாங்குகிறவன் என்று நெறியாளர் தனியாகக் குறித்துக்கொண்டார். மதியம் போன் வந்தது.

"சார், அட்ரஸ்ல நாமக்கல்னும் போட்டிருக்குது, ஈரோடுனும் போட்டிருக்குது. நீங்க பாலத்துக்கு அந்தப் பக்கங்களா, இந்தப் பக்கங்களா?"

"தம்பி, நீங்க இப்ப எங்க நிக்கறீங்க?"

"பாலத்து மேலதானுங்க."

"அப்படியே நில்லுங்க, நான் வந்தர்றேன்" என்று சட்டையை மாட்டினேன்.