மடிக்கணினியின் விலைச்சரிவும் நடையின் இடமாற்றமும்: ஆயக்குடியை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

மடிக்கணினி பழுதுபட்டால் யாரேனும் ஒருவர் நடந்தாக வேண்டும் என்பது இத்துறையில் ஐயத்திற்கு இடமில்லாத முதல் உண்மையாகும். பழுது பார்ப்பவர் இயந்திரத்தை நாடி வரலாம், அல்லது இயந்திரம் அவரை நாடிச் செல்லலாம். இரண்டும் நிகழாதபோது தொலைபேசியில் காத்திருப்பு இசை ஒலிக்கும். இவற்றுள் எது நிகழும் என்பதைப் பழுதின் கடுமை தீர்மானிப்பதில்லை, வாங்கிய விலையே தீர்மானிக்கிறது. விலை இறங்க இறங்க, நடக்கும் பொறுப்பு விற்றவரிடமிருந்து வாங்கியவரின் கால்களுக்கு மாறுகிறது என்னும் இவ்விதி, இக்கட்டுரையில் நடை இடமாற்ற விதி என வழங்கப்படும்.

இவ்விதியைச் சோதிக்க ஆயக்குடி மிகத் தகுந்த களமாகும். பழனிக்கு அருகே திண்டுக்கல் சாலையில், கொய்யாச் சந்தையால் பெயர் பெற்ற இப்பேரூரில், விடியலிலேயே பெட்டி பெட்டியாகக் கொய்யா வந்து இறங்கி வெளியூர்களுக்குப் போய்விடும். ஆனால் நிறுவனங்களின் அங்கீகரிக்கப்பட்ட சேவை மையம், அதாவது பழுதை நீக்கும் உரிமையையும் நீக்க மறுக்கும் உரிமையையும் ஒருங்கே பெற்ற குளிரூட்டிய கூடம், ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் திண்டுக்கல்லிலோ, அதைவிடத் தொலைவான கோவையிலோதான் பெரும்பாலும் கிடைக்கும்.

2000-ஆம் ஆண்டையொட்டி, நல்ல மடிக்கணினி ஒன்று லட்ச ரூபாயைத் தொட்டு நின்ற காலத்தில், ஆன்சைட் வாரண்டி என்னும் ஏற்பாடு இருந்தது. பழுதான இயந்திரம் இருந்த இடத்திலேயே இருக்க, பொறியாளர் பெட்டியும் திருப்புளியுமாக வந்து சேர்வார் என்பதே அதன் பொருள். அக்கால இயந்திரங்களும் இம்மரியாதைக்கு இணங்கவே அமைந்திருந்தன; தாழ்ப்பாளைத் தள்ளினால் பேட்டரி கையோடு வரும், அடிப்பக்கத்து மூடியில் ஓரிரு திருகுகளைக் கழற்றினால் ராம் என்னும் நினைவக அட்டை தென்படும். ஆயக்குடியில் அன்று மடிக்கணினி வைத்திருந்தவர் மிகச் சிலரே ஆதலால், இப்பொற்காலத்தை அவ்வூர் பெரும்பாலும் காணாமலே கடந்தது.

விதிக்குச் சான்று உலக வரலாற்றிலும் உண்டு. டெல் நிறுவனம் 2001-இல் பெங்களூரில் வாடிக்கையாளர் அழைப்பு மையம் தொடங்கியது. 2003-இல் அமெரிக்கப் பெருநிறுவன வாடிக்கையாளர்கள் குறைகூறவே, அவர்களுடைய அழைப்புகளை மட்டும் அமெரிக்காவுக்கே திருப்பிக்கொண்டது. வீட்டுக்கு ஒன்று வாங்கியவர்களின் அழைப்புகளோ கடல் கடந்து பெங்களூருக்கே தொடர்ந்து வந்தன. மொத்தமாகக் கொடுத்தவருக்கு உதவி பக்கத்து ஊரிலும், சில்லறையாகக் கொடுத்தவருக்கு அடுத்த கண்டத்திலும் கிடைத்தது என்பது விதியின் நேரடி நிரூபணம் அன்றி வேறில்லை.

காரணம் எளிது. 2008-இல் எச்.சி.எல். நிறுவனம் மைலீப் என்னும் சிறு கணினியை 13,990 ரூபாய்க்கு வெளியிட்டது. அத்தகைய விலையில் விற்பவருக்கு மிஞ்சும் லாபம் மிகச் சொற்பம். பொறியாளர் ஒருவர் ஆயக்குடிக்கு ஒருமுறை வந்துபோனால், பேருந்துக் கட்டணமும் மதியச் சாப்பாடுமே அந்த லாபத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஆகவே பொறியாளர் குரலாகச் சுருங்கினார். குரலும் பின்னர் எண்களை அழுத்தச் சொல்லும் பதிவாகி, இப்போது அரட்டைப் பெட்டியில் வணக்கம் மட்டும் தவறாது சொல்லும் இயந்திரமாகிவிட்டது.

இனி, விலை சுழியானால் என்ன ஆகும் என்ற கேள்வி எழுகிறது. உலகில் வேறு எங்கும் எளிதில் செய்ய முடியாத இச்சோதனையைத் தமிழ்நாடு அரசு தன் செலவில் செய்து காட்டியது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், எல்காட் என்னும் அரசு நிறுவனம் கொள்முதல் செய்த இயந்திரங்கள், அரசு முத்திரை தாங்கி, அரசுப் பள்ளி மாணவர் கைகளுக்கு லட்சக்கணக்கில் வந்தன. விதிப்படி நடை முடிவிலியாக நீண்டிருக்க வேண்டும். நிகழ்ந்ததோ நேர்மாறு.

ஒரே வார்ப்பில் அமைந்த இயந்திரங்கள் ஒரே நேரத்தில் ஊர் ஊராக இறங்கியதால், அவற்றின் நோய்களும் ஒன்றுபோலவே இருந்தன. ஒன்றைத் திறந்து பார்த்தவர் ஓராயிரத்தைத் திறக்கத் தகுதி பெற்றார். செத்த இயந்திரத்தின் திரை மற்றொன்றுக்குப் பொருந்தியது. ஜெராக்ஸும் ரீசார்ஜும் செய்துகொண்டிருந்த கடைக்காரர் இவ்வாறு மருத்துவரானார். தொடக்கக் கால இயந்திரங்களில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸ் என்னும் இயங்குதளமும் சேர்ந்து வந்தமையால், "அண்ணே, பாஸ எடுத்துட்டு வெறும் விண்டோஸ் போட்டுக் குடுங்க" என்பதே அவருடைய முதல் நோயாளிகள் பலரின் வேண்டுகோளாக இருந்தது. நூலாசிரியர்கள் கவனிக்கத் தவறிய அவரது தலையாய சிகிச்சை, நினைவக அட்டையைக் கழற்றி அதன் பொன்னிற முனைகளைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து மீண்டும் பொருத்துவதாகும். முனைகளில் படிந்த அழுக்கு நீங்கி மின்தொடர்பு சீராவதால், இருண்ட திரை பல வேளைகளில் உயிர்பெறும். இதற்கான ரப்பரும் நோயாளியின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்தே பெறப்படும்.

எனவே விதிக்கு ஒரு திருத்தம் தேவைப்படுகிறது: விலை இறங்கும்போது விற்றவரின் உதவி விலகிப் போகிறது, பொருள் மலியும்போது விற்காதவரின் உதவி பக்கத்தில் முளைக்கிறது. இந்திய நுகர்வோர் துறை 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று குழு அமைத்து, அவ்வாண்டு இறுதியில் இணையவாசலும் திறந்தது. ஜெராக்ஸ் கடை அதற்குப் பல ஆண்டுகள் முன்பே திறந்திருந்தது.

ஆயினும் மெல்லிய உடலை விரும்பும் இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டே வருகிறது. தேய்க்க முனையில்லாதபோது ரப்பருக்கு வேலையில்லை. அத்தகைய இயந்திரத்தைக் கடைக்காரர் அட்டைப்பெட்டியில் கட்டி, சிப் வேலை தெரிந்த கடைக்குக் கோவைப் பேருந்தில் பார்சலாக ஏற்றிவிடுகிறார். இங்கே விற்றவரும் நடப்பதில்லை, வாங்கியவரும் நடப்பதில்லை. லக்கேஜ் கூலி மட்டும் பில்லில் தனி வரியாக ஏறுகிறது. அதை வாடிக்கையாளர் கேள்வி கேட்காமல் கொடுத்துவிடுகிறார், சர்வீஸ் சார்ஜில்தான் பேரம் பேசுகிறார்.