171 நாள் பொறுமை

கணினியில் பேஸ்பால் அணி நடத்தும் மேலாளரே, உங்கள் பொறுமையை நான் மனதாரப் பாராட்டுகிறேன். மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழே இருக்கும் உங்கள் டிரிபிள் ஏ அணியில் 22 வயதுப் பையன் ஒருவன் போன சீசன் முழுக்க வெளுத்துக் கட்டியிருக்கிறான். வளைந்து வரும் பந்துக்கு ஏமாறுவதில்லை, ஸ்ட்ரைக்அவுட் குறைந்திருக்கிறது, அவனுக்குக் கற்றுத்தர அந்த மட்டத்தில் இனி எதுவும் இல்லை. மேலே, மேஜர் லீக் அணியில், உங்கள் மூன்றாவது பேஸ்காரர் 34 வயதில் மட்டையைத் தூக்கவே திணறுகிறார். அவசரக்காரராக இருந்தால் ஏப்ரல் முதல் நாளே பையனை மேலே அழைத்திருப்பார். நீங்கள் அப்படியில்லை. அவனுடைய பக்கத்தைத் திறக்கிறீர்கள், சேவை நாள் எண்ணைப் பார்க்கிறீர்கள், விரல் விட்டு எண்ணிவிட்டு மூடிவிடுகிறீர்கள். இன்னும் இரண்டு வாரம் போகட்டும்.

அந்த இரண்டு வாரத்தின் அருமை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அமெரிக்க மேஜர் லீக்கில் ஒரு வீரர் 172 நாள் அணிப்பட்டியலில் இருந்தால் ஒரு சேவை ஆண்டு முடிந்ததாகக் கணக்கு. இப்படி ஆறு ஆண்டு முடித்தால்தான் தனக்குப் பிடித்த அணியிடம் பிடித்த விலைக்குப் போகும் உரிமை கிடைக்கும். அதுவரை அவர் அந்த அணியின் சொத்து. சீசனோ 180 நாளைத் தாண்டி ஓடும். ஆகவே தொடக்கத்தில் இரண்டு வாரம் போல மட்டும் அவரைக் கீழேயே நிறுத்திவிட்டால், அந்த ஆண்டு முழுக்க அவர் ஆடினாலும் கணக்கில் அது முழு ஆண்டு ஆகாது. இரண்டு வாரத்தைக் கொடுத்து ஓர் ஆண்டை வாங்கும் வியாபாரம். இதைவிடச் சிக்கனமான வியாபாரம் விளையாட்டுலகில் வேறெதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் ஆடும் ஆட்டமும் இதில் ஒரு நாளைக்கூட விட்டுவைக்கவில்லை. ஜெர்மானியரான மார்குஸ் ஹைன்சோன் உருவாக்கி 1999-ல் வெளிவந்த அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பால், பந்தைவிட ஏட்டை நம்பும் ஆட்டம். பந்தை நீங்கள் எறிவதில்லை. எறிபவனை வாங்குகிறீர்கள், விற்கிறீர்கள், ஏற்றுகிறீர்கள், இறக்குகிறீர்கள். திறமை தேடும் சாரணர்கள் 20 முதல் 80 வரை மதிப்பெண் போட்டுத் தருகிறார்கள். தகுதிக்கு மீறிய மட்டத்துக்கு ஒருவனைச் சீக்கிரம் தள்ளிவிட்டால் அவன் வளர்ச்சி கெடலாம் என்பதையும் ஆட்டம் உணர்த்துகிறது. இவ்வளவு தகவலையும் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, பையன் தயாரா என்ற கேள்விக்குத் தெளிவான விடையையும் பெற்றுக்கொண்டு, அந்த விடையை ஓரமாக வைத்துவிட்டு நாள்காட்டியைக் கேட்கிறீர்களே, அந்த மனவுறுதி எல்லோருக்கும் வாய்க்காது.

உங்களுக்கு நல்ல ஆசிரியர்கள் அமைந்தார்கள். சிகாகோ கப்ஸ் அணியை எடுத்துக்கொள்ளுங்கள். புதிய வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் 2013 டிராஃப்டில் இரண்டாவதாக அவர்கள் எடுத்த கிரிஸ் பிரையன்ட், 2014-ல் மைனர் லீக்கின் இரண்டு மட்டங்களில் சேர்த்து 43 ஹோம் ரன் அடித்தார். 2015 வசந்தகாலப் பயிற்சி ஆட்டங்களில் 40 முறை மட்டை பிடித்து ஒன்பது ஹோம் ரன், சராசரி .425. அந்தப் பயிற்சிக் களத்தில் அவரைவிட நன்றாக அடித்தவரைத் தேடத்தான் வேண்டும். அணி நிர்வாகம் மயங்கவில்லை. ஃபீல்டிங்கில் இன்னும் பழக வேண்டும் என்று சொல்லி அவரை அயோவாவில் உள்ள தன் டிரிபிள் ஏ அணிக்கு அனுப்பியது. ஏப்ரல் 17 அன்று, மூன்றாவது பேஸில் ஆடிக்கொண்டிருந்தவர்களுக்குக் காயம் என்ற நிலையில், தன் சொந்த மைதானமான ரிக்லி ஃபீல்டுக்கு அழைத்தது. அயோவாவில் அந்தச் சில நாளில் அவர் கைகள் எவ்வளவு தேறின என்று யாரும் அளந்து சொல்லவில்லை. அந்த ஆண்டு அவர் சேர்த்த சேவை நாள் மட்டும் துல்லியமாகத் தெரியும்: 171. முழு ஆண்டுக்கு ஒரு நாள் குறைவு. இப்படி மயிரிழையில் நிறுத்துவதற்கு எவ்வளவு கைப்பழக்கம் வேண்டும்!

அந்த 171 நாளில் பிரையன்ட் என்ன செய்தார் என்பதும் பதிவில் இருக்கிறது. நேஷனல் லீக்கின் சிறந்த புதுமுக வீரர் விருதை ஒருமனதாக வென்றார். மறு ஆண்டு மிகச் சிறந்த வீரர் விருது. அதே 2016-ல், 1908-க்குப் பிறகு முதன்முறையாக, கப்ஸ் உலகத் தொடரை வென்றது. கப்ஸின் நன்றியுணர்ச்சியையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். வீரர் சங்கம் அந்த ஒரு நாளுக்காக முறையீடு செய்தது. கோப்பை வென்று கொடுத்தவருக்கு எதிராக அணி கடைசிவரை வாதாடியது. 2020 ஜனவரியில் நடுவர் தீர்ப்பும் அணியின் பக்கமே வந்தது. விதியில் எழுதியிருப்பதைத்தான் செய்தார்கள், எதையும் மீறவில்லை. 28 வயதில் சந்தைக்குப் போயிருக்க வேண்டியவர் 29 முடியும் தறுவாயில் போனார். அதற்குள் 2021 ஜூலையில் அவரைச் சான் ஃபிரான்சிஸ்கோ அணிக்குக் கைமாற்றியும் ஆகிவிட்டது. விளையாட்டு வீரரின் உடம்பில் இருபதுகளின் ஓர் ஆண்டு என்பது என்னவென்று, காயத்தால் அடுத்த சீசனில் 42 ஆட்டம் மட்டுமே ஆடிய பிரையன்டுக்குத் தெரியும்.

டொராண்டோ அணி இன்னொரு படி மேலே போனது. 2018-ல் விளாடிமிர் குரேரோ ஜூனியர் 19 வயதில் மைனர் லீக்குகளில் .381 அடித்தார். செப்டம்பரில் அணிப்பட்டியலை விரிக்கும் வழக்கம் அப்போது இருந்தும் அவரை அழைக்கவில்லை. அங்கும் ஃபீல்டிங்கில் முதிர்ச்சி வேண்டும் என்பதுதான் பேச்சு. மூன்றாவது பேஸுக்காக அவ்வளவு அக்கறையாகப் பக்குவப்படுத்தப்பட்டவர் அங்கே நிலையாக நின்றது ஒரே சீசன். 2020-ல் முதல் பேஸுக்கு மாற்றிவிட்டார்கள்.

இவர்கள் எல்லோரையும்விட நான் மதிப்பது சியாட்டில் மரைனர்ஸ் தலைவராக இருந்த கெவின் மேதரை. 2021 பிப்ரவரியில், ஒரு ரோட்டரி சங்கக் கூட்டத்தில், அணி தன் இளம் வீரர்களை ஏன் மேலே கொண்டுவரவில்லை என்று அவர் ஒளிக்காமல் பேசினார். ஜாரெட் கெலனிக் நீண்டகால ஒப்பந்தத்தை மறுத்ததையும், சேவை நாளைக் காப்பதற்காகத்தான் சிலரை இறக்கவில்லை என்பதையும் அவர் வாயாலேயே கேட்கலாம். வேறு சில வீரர்களின் ஆங்கிலத்தைப் பற்றி அவர் சொன்னதும் சேர்ந்து பெரிய சர்ச்சையாகி, சில நாளில் பதவி விலகினார். ஃபீல்டிங் என்ற சொல்லை அவர் துணைக்கு அழைக்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவர் வீரர்களிடம் மற்ற எல்லோரையும்விட மரியாதையாக நடந்துகொண்டார் என்றே சொல்வேன்.

அதே கெலனிக் அந்த மே மாதம் அழைக்கப்பட்டு, தொடர்ந்து 39 முறை ஹிட் அடிக்க முடியாமல் தவித்துக் கீழே திரும்பினார். அந்த ஆண்டு சராசரி .181. காத்திருக்க வேண்டிய பையன்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களைக் காக்க வைப்பது கருணை. ஆனால் தயாரானவனையும் தயாராகாதவனையும் ஒரே காரணம் சொல்லி ஒரே வரிசையில் நிறுத்தியதால், இன்று எந்த அணி வாய் திறந்தாலும் எந்தப் பையனும் நம்புவதில்லை. உண்மையிலேயே அவன் நன்மைக்காகச் சொன்னாலும் நம்புவதில்லை.

பிரையன்டுக்காக யாரும் அழ வேண்டாம். பிறகு 18 கோடியே 20 லட்சம் டாலருக்குக் கொலராடோவில் ஒப்பந்தம் போட்டார். என் மனம் போவது இருபதாவது சுற்றில் எடுக்கப்பட்டு, பெயர் யாருக்கும் தெரியாமல், பேருந்தில் ஊர் ஊராகப் போகிறவனிடம். 2018-ல் அமெரிக்க நாடாளுமன்றம் மைனர் லீக் வீரர்களைக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கூடுதல்நேரப் பாதுகாப்பிலிருந்து விலக்கியது. அந்தச் சட்டத்தின் பெயரே அமெரிக்காவின் பொழுதுபோக்கைக் காப்பாற்றும் சட்டம். 2023-ல் அவர்களின் முதல் கூட்டு ஒப்பந்தம் வந்த பிறகுதான் டிரிபிள் ஏ வீரருக்கு ஆண்டுக்கு 35,800 டாலர் கிடைத்தது. மேலே 43 நாள் இருந்தால் ஓய்வூதியத்துக்குத் தகுதி உண்டு. அவனுக்கு ஒவ்வொரு நாளும் வீட்டு வாடகை. உங்கள் திரையில் அது ஓர் எண்.

மேஜர் லீக்கும் வீரர் சங்கமும் போட்ட 2022 ஒப்பந்தத்தில் சேவை நாள் விதியைக் கொஞ்சம் திருத்தினார்கள். புதுமுக விருது வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடம் பிடித்தால், தாமதமாக வந்தவருக்கும் முழு ஆண்டு சேவை கிடைக்கும். 2024 மே 11-ல் பிட்ஸ்பர்க் அழைத்த பால் ஸ்கீன்ஸ் அந்த விருதை வென்று, இழந்த நாளை மீட்டார். தொடக்கத்திலேயே இறக்கிய இளம் வீரர் விருது பெற்றால், அணிக்குக் கூடுதல் டிராஃப்ட் வாய்ப்பும் உண்டு. நியாயமாக நடந்துகொள்ள அணிகளுக்குப் பரிசு தர வேண்டியிருந்தது என்பதை அந்த விதியைப் படிக்கும் எவரும் புரிந்துகொள்வார்கள்.

மேலாளரே, அந்தக் கனவான்களுக்கு முதலாளி உண்டு, வரவு செலவு உண்டு, ஓர் ஆண்டை மிச்சம் பிடித்தால் கோடிகள் உண்டு. உங்களுக்கு ஒரு காசு லாபமில்லை. அப்படியிருந்தும் அவர்களைவிடக் கச்சிதமாக, ஒவ்வொரு ஏப்ரலிலும், ஒவ்வொரு பையனுக்கும் அதையே செய்கிறீர்கள். நீங்கள் ஆடும் ஆட்டத்தில் விதிகளை மாற்றும் பக்கம் ஒன்று உண்டு; ஓர் ஆண்டுக்கு எத்தனை நாள், உரிமைக்கு எத்தனை ஆண்டு என்பதையெல்லாம் அங்கே உங்கள் விருப்பப்படி எழுதலாம். சங்கம் வேண்டாம், நடுவர் வேண்டாம், கையெழுத்து வேண்டாம். அந்தக் கட்டத்தில் 172 என்ற எண்ணை நீங்கள் இன்றுவரை தொடவில்லை.