நான்மடியாகு பெயர்: ஜவுளிக்கடை இலக்கணத்துக்கு ஒரு முன்னுரை

'கார் அறுத்தான்' என்பது மும்மடியாகு பெயர். கருமையைக் குறிக்கும் சொல் மேகத்துக்கு ஆகி, மேகத்திலிருந்து மழைக்காலத்துக்கு ஆகி, அங்கிருந்து அந்தக் காலத்து நெற்பயிருக்கு ஆகிவந்தது. இதோடு மடி தீர்ந்தது என்று இலக்கண ஆசிரியர்கள் நிறுத்திக்கொண்டார்கள். பட்டு எடுக்கப் போகும் வீட்டாருக்குத் துணையாகப் போய், மெத்தையின் ஓரத்தில் உட்காரவைக்கப்பட்டு, பைகளுக்குக் காவலிருக்கும் பேறு அவர்களுக்கு வாய்க்கவில்லை. வாய்த்திருந்தால் மூன்றாம் மடியில் நின்றிருக்க மாட்டார்கள் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

ஆய்வுக்களம், ஒரு பெரிய ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவு. அங்கே திரட்டிய தரவு வருமாறு:

"தம்பி, மேல் ரேக்குல பெப்சி ப்ளூ உடம்பு, அரக்கு பார்டர் ஒண்ணு இருக்கும், தள்ளு."

"இது ரொம்ப அடிக்குதுங்க."

"அப்ப எம்.எஸ். ப்ளூ பாருங்கக்கா, அடக்கமா இருக்கும்."

"அது எங்க அத்தைக்கு ஆகும். எனக்கு வேற காட்டுங்க."

"ஆனந்தா ப்ளூ? ராமர் ப்ளூ?"

ஒரு குளிர்பானமும் ஒரு பாடகியும் ஒரு அவதார புருஷரும் அரை நிமிடத்தில் நீலமாகிக் கடந்து போனார்கள். அப்படியென்றால் என்ன நிறம் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. விளக்கம் கேட்காமல் கை சரியான அடுக்குக்குப் போகிறதென்றால், அந்தச் சொல் மொழிக்குள் குடியேறிவிட்டது என்று பொருள். அகராதிக்காரர்கள் மெதுவாக வந்து சேரட்டும்.

முன்பு நம் நிறப்பெயர்கள் தோட்டத்திலிருந்தும் அடுப்படியிலிருந்தும் வந்தன. மயில் கழுத்து, கிளிப்பச்சை, மாந்துளிர், கத்தரிப்பூ, வெங்காயத்தோல் என்றால் போதும். தினம் கண்ணில் படும் பொருள், தன் நிறத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் போகும். இப்போது மயிலை எப்போதாவது பார்க்கிறோம், பெட்டிக்கடையைத் தினம் பார்க்கிறோம். கழுத்தைத் திருப்பிக் காட்டாமல் ஓடிவிடும் பறவையைவிட, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அசையாமல் நிற்கும் டின் நம்பகமான நிற அட்டை. மயிலின் இடத்துக்குப் பெப்சி வந்ததற்கு இதைவிடப் பெரிய காரணத்தைத் தேடுவது வீண் வேலை.

இனி இலக்கணம். "அந்தப் பெப்சியை மடிச்சு வைங்க" என்று கடைக்காரர் சொல்லும்போது, கம்பெனியின் பெயர் டின்னுக்கு ஆகி, டின்னின் பெயர் அதன் நிறத்துக்கு ஆகி, நிறத்தின் பெயர் புடவைக்கு ஆகிவருகிறது. அதாவது, மும்மடி. காருக்குச் சமம்.

இந்த மூன்று மடிக்காகக் கம்பெனி பட்ட பாடு தனிக்கதை. 1996 ஏப்ரலில் பெப்சி தன் டின்னை நீலத்துக்கு மாற்றியபோது, ஊரறிய வேண்டும் என்று ஏர் பிரான்ஸின் கான்கார்டு விமானம் ஒன்றுக்கு நீலம் பூசியது. லண்டனில் டெய்லி மிரர் நாளிதழ் ஒரு நாள் நீலத் தாளில் வெளிவந்தது. கான்கார்டு வெள்ளையாக இருந்தது அழகுக்காக அல்ல. ஒலியைப் போல் இரண்டு மடங்கு வேகத்தில் பறக்கும்போது அதன் உடல் கொதிக்கும். சூட்டைத் தாங்க வெள்ளைதான் தோது. எரிபொருள் இருக்கும் இறக்கைகளை வெள்ளையாகவே விட்டுவிட்டு உடலுக்கு மட்டும் நீலம் அடித்தார்கள். அப்படியும், அந்த வேகத்தில் 20 நிமிடத்துக்கு மேல் பறக்க வேண்டாம் என்று கட்டுப்பாடு போட வேண்டியிருந்தது. இவ்வளவும் நம் ஊரில் வந்து நின்ற இடம், நிச்சயதார்த்தப் புடவைக்குப் பார்டர் பொருந்தவில்லை என்று முகம் சுளிக்கும் ஒரு பெரியம்மாவின் வாய்.

இங்கே கம்பெனிகள் ஓர் எதிர்வாதம் வைக்கும்: நிறமும் பெயரும் எங்கள் சொத்து, சட்டம் எங்கள் பக்கம். ஆராய்வோம். நியூயார்க் நகைக்கடையான டிஃபனி, 1845-ல் தன் விலைப்பட்டியல் புத்தகத்துக்குப் போட்ட அட்டையின் வெளிர்நீலத்தை 1998-ல் வணிகச் சின்னமாகப் பதிவு செய்தது. நிறங்களுக்கு எண் கொடுக்கும் பான்டோன் நிறுவனம் அதற்கு 1837 என்ற எண்ணைத் தந்தது. கடை தொடங்கிய ஆண்டு அது. கேட்பரி தன் ஊதாவுக்குப் பிரிட்டனில் 2004-ல் மனுப்போட்டது. நெஸ்லே மறுத்துப் போராடியது. உறையின் மேல் அந்த ஊதா 'மேலோங்கிய' நிறமாக இருக்கும் என்று மனுவில் எழுதியிருந்தார்கள். மேலோங்கியது என்றால் எவ்வளவு, மிச்ச இடத்தில் என்ன இருக்கும் என்ற கேள்விக்குத் தெளிவில்லை என்று 2013-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பதிவை மறுத்துவிட்டது. ஒரு சொல்லுக்கு ஒன்பது ஆண்டு. உரையாசிரியர்கள்கூட இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை.

இதே வழக்கை நம் பட்டுப் பிரிவில் விசாரித்திருந்தால் ஊதாவைக் 'கத்தரிப்பூ, கொஞ்சம் டார்க்' என்றும், டிஃபனியை 'ராமர் பச்சையில லைட்' என்றும் சொல்லித் தீர்ப்பு வழங்கி, அடுத்த புடவையைப் பிரித்திருப்பார்கள். பதிவுச் சான்றிதழால் ஒரு நிறத்தை மற்றவர் பயன்படுத்தாமல் தடுக்கலாம், அந்தப் பெயரைச் சொல்ல வைக்க முடியாது. சொல்ல வைப்பவர், ஏணியில் நிற்கும் பையனை நோக்கிக் குரல் கொடுக்கும் விற்பனையாளர் ஒருவரே. பெயர் சுருக்கமாக இருக்க வேண்டும், மேல் ரேக் வரை கேட்க வேண்டும். வேறு தகுதி இல்லை.

எம்.எஸ். ப்ளூவை எதில் சேர்ப்பது என்பதில் எனக்கும் என் காவலில் இருந்த பைகளுக்கும் கருத்து வேறுபாடு உண்டு. காஞ்சிபுரம் முத்துச் செட்டியார், எம்.எஸ். சுப்புலட்சுமிக்காகவே நெய்வித்த நீலம் அது. பாடகி எப்படி பிராண்ட் ஆவார் என்று கேட்கலாம். எழுத்துக் கூட்டிப் படிக்காமலே தூரத்திலிருந்து அடையாளம் தெரிவதுதான் பிராண்ட் என்றால், மூக்குத்தி, பொட்டு, மல்லிகை, அந்த நீலம் எல்லாம் சேர்ந்து, கச்சேரியின் கடைசி வரிசைக்கும் அவரைச் சொல்லிவிடும். விமானத்துக்குச் சாயம் பூசவில்லை, வழக்குப் போடவில்லை. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

ரேடியம் பச்சையும் ரேடியம் பிங்க்கும் வேறு இனம். கியூரி தம்பதி 1898-ல் கண்டறிந்த தனிமம் அந்தத் துணியிலும் இல்லை, ஆட்டோவின் பின்னால் ஒட்டும் ரேடியம் ஸ்டிக்கரிலும் இல்லை. அமெரிக்காவில் இப்படிக் கண்ணைப் பறிக்கும் நிறங்களுக்கு டே-க்ளோ என்ற கம்பெனிப் பெயரே நிறப்பெயராகிவிட்டது. நாம் கம்பெனியை மதிக்காமல் நேரே தனிம அட்டவணைக்குப் போய்விட்டோம்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். மெஜந்தா, இத்தாலியில் மிலான் பக்கத்தில் உள்ள ஓர் ஊர். 1859 ஜூன் 4 அன்று பிரெஞ்சு, சார்டினியப் படைகள் அங்கே ஆஸ்திரியரை வென்றதால் ஊரின் பெயர் போருக்கு ஆயிற்று. அதே சமயம் பிரான்சில் லியோன் நகரில் வெர்கன் என்ற வேதியியலர் ஒரு செஞ்சாயம் கண்டுபிடித்து, ரெனார் சகோதரர்கள் அதை ஃபுக்சின் என்று விற்றுக்கொண்டிருந்தார்கள். வெற்றிச் செய்தி சூடாக இருந்த நேரத்தில் வியாபாரிகள் அதற்கு மெஜந்தா என்று பெயர் மாற்றினார்கள். போருக்கும் சாயத்துக்கும் உள்ள உறவு, சரக்கு விற்க வேண்டும் என்பது மட்டுமே. பிறகு சாயத்தின் பெயர் நிறத்துக்கு ஆகி, நிறத்தின் பெயர் நம் கடையில் புடவைக்கு ஆகி, "அந்த மெஜந்தா என்ன விலை?" என்று கேட்கிறோம். ஊர், போர், சாயம், நிறம், புடவை. எண்ணிக்கொள்ளுங்கள், மடி நான்கு! நெல்லறுத்தவன் தோற்றான், பில் போடப் போனவர் வென்றார். பாடநூல் தயாரிக்கும் பெரியோர் அடுத்த பதிப்பில் இதைச் சேர்க்க வேண்டுகிறேன்.

இலக்கணத்தை நம்பி ரவிக்கைத் துணி வாங்கக் கிளம்பும் வாசகருக்கு ஒரு சொல். டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரியும் இரண்டு துணிகள் வெயிலில் வேறாகத் தெரிவதை இயற்பியலார் மெட்டாமெரிசம் என்பார்கள். மேட்சிங் சென்டரில் அதற்குப் பெயர், "வாசலுக்கு வாங்கக்கா." ஆகவே கடைக்குப் பெயரை எடுத்துப் போகாதீர்கள், போனில் எடுத்த படத்தையும் காட்டாதீர்கள். படத்தில் எம்.எஸ். ப்ளூவும் பெப்சி ப்ளூவாகத்தான் விழும். புடவையையே கையோடு கொண்டுபோங்கள், அதுவும் பொழுதிருக்கப் போங்கள்.